ஊருக்கு ஒரு குப்பை விதி ஏன்?

வாசகர் கேள்வி: வேலை மாற்றத்தால் ஆறு மாதங்களுக்கு முன் வேறு ஊருக்குக் குடிவந்தோம். பழைய ஊரில் தாள், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒரே மறுசுழற்சித் தொட்டியில் போடுவோம். இங்கே கண்ணாடியைத் தனியே கொண்டுபோய்ப் போடச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பைகளை வாங்குவதே இல்லை. முக்கோண அம்புக்குறி அச்சிட்ட டப்பாக்களைத்தான் போட்டேன். ஆனாலும் இரண்டு முறை தொட்டியை எடுக்காமல், சிவப்புச் சீட்டு ஒன்றை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். "எப்படியும் எல்லாம் ஒரே வண்டியில்தான் போகிறது, நீ கழுவிப் பிரிப்பதெல்லாம் வீண்வேலை" என்கிறார் என் மாமனார். ஊருக்கு ஊர் விதி மாறுவது ஏன்? டப்பாவைக் கழுவத்தான் வேண்டுமா? மாமனார் சொல்வது உண்மையா?

பதில்: அன்புடையீர், வணக்கம். சிவப்புச் சீட்டைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். திடக்கழிவுப் பொறியாளனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்த நானே, வீடு மாறிய முதல் மாதத்தில் அப்படி ஒரு சீட்டை வாங்கியிருக்கிறேன். பழைய ஊரின் விதி கையில் பழகிப்போயிருந்தது. புதிய ஊர் கொடுத்த துண்டறிக்கையை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எனவே, நீங்கள் ஏதோ அலட்சியமாக இருந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

குழப்பத்தின் வேர் ஒன்றுதான். எந்தப் பொருள் மறுசுழற்சிக்கு ஏற்றது என்பது அந்தப் பொருளின் குணம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். உள்ளாட்சி அமைப்போ விதியை எழுதும்போது எதிர்த் திசையிலிருந்து, அதாவது கடைசியிலிருந்து, தொடங்குகிறது. பிரித்த பொருளை விலை கொடுத்து வாங்கிக்கொள்ள எந்த ஆலை இருக்கிறது, அந்த ஆலை எவ்வளவு தூய்மையை எதிர்பார்க்கிறது, அதற்கு ஏற்பப் பிரித்துத் தர நம் தரம்பிரிப்புக் கூடத்தில் என்ன இயந்திரம் இருக்கிறது, அந்தக் கூடம் வரை கொண்டுசெல்ல எந்த வகை வண்டி இருக்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி வந்து, கடைசியாகத்தான் உங்கள் வாசலில் எத்தனை தொட்டி, எதில் எது என்று முடிவாகிறது. ஆலையும் இயந்திரமும் வண்டியும் ஊருக்கு ஊர் வேறுபடுவதால் விதியும் வேறுபடுகிறது.

கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாத பொருள் அது. அந்த வகையில் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு உயர்ந்தது. ஆனால் கனமானது, விலை குறைந்தது. உருக்காலை தொலைவில் இருந்தால், ஏற்றிச் செல்லும் செலவே பொருளின் விலையைத் தாண்டிவிடும். மேலும், குப்பையை அமுக்கி ஏற்றும் வண்டியில் பாட்டில்கள் நொறுங்கிச் சில்லுகள் காகிதத்துக்குள் புகுந்துகொள்கின்றன. சில்லு கலந்த அந்தக் காகிதச் சிப்பத்தை, அதாவது அமுக்கிக் கட்டிய கட்டை, காகித ஆலைக்காரர் தொடமாட்டார். ஆகவே சில ஊர்கள் கண்ணாடியை எல்லாவற்றோடும் சேர்த்து வாங்கிப் பிறகு பிரிக்கின்றன. சில ஊர்கள், உங்கள் புதிய ஊரைப் போல, தனிக் கலனில் கொண்டுவந்து போடச் சொல்கின்றன. இரண்டாவது முறை நமக்குத் தொந்தரவுதான். ஆனால் அப்படிச் சேரும் கண்ணாடி மீண்டும் பாட்டிலாகும் வாய்ப்பு அதிகம் என்பதால் என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அடுப்பின் சூட்டைத் தாங்கும் கண்ணாடிப் பாத்திரம், பீங்கான் கோப்பை இரண்டும் அந்தக் கலனுக்கு உரியவை அல்ல. பாட்டில் கண்ணாடி உருகும் வெப்பத்தில் அவை உருகாமல் கட்டியாக நின்று, புதிய பாட்டிலில் குறையாகப் போய்ச் சேரும்.

பிளாஸ்டிக் பையை ஏன் வாங்குவதில்லை என்பது தரம்பிரிப்புக் கூடத்தின் உள்ளே ஒரு முறை நின்றவருக்குச் சொல்லாமலே புரியும். வண்டி கொட்டியதை நகரும் பட்டை மேலே ஏற்றுகிறது. வரிசையாகச் சுழலும் தட்டுகளின் மேல் அட்டையும் காகிதமும் மிதந்தாற்போல முன்னே செல்ல, கனமானவையும் சிறியவையும் இடுக்கு வழியாகக் கீழே விழுகின்றன. இரும்பைக் காந்தம் தூக்கிக்கொள்கிறது. அலுமினியத்தைச் சுழல் மின்னோட்டத்தால் இயங்கும் கருவி பட்டையின் முனையிலிருந்து எட்டித் தள்ளுகிறது. இந்த ஓட்டத்துக்குள் மெல்லிய பை ஒன்று வந்தால், அது சுழலும் அச்சில் தலைமுடி சீப்பில் சுற்றுவது போலச் சுற்றிக்கொள்கிறது. பத்து, இருபது, நூறு என்று சேர்ந்து அச்சு பருத்து, தட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி அடைபட்டுப்போகும். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, பணியாளர்கள் கையில் கத்தியோடு தட்டுகளின் மேல் ஏறி, இறுகிப்போன பைகளை அறுத்து அறுத்து எடுக்க வேண்டும். நான் பணியாற்றிய கூடம் ஒன்றில் ஒவ்வொரு பணிநேர முடிவிலும் இந்த அறுப்பு வேலை நடந்தது. காகிதத்தைப் பைக்குள் கட்டி ஒழுங்காக வைத்திருக்கிறேன் என்று பெருமையோடு நாம் வைக்கும் அந்தக் கட்டுதான் அங்கே பெரிய தலைவலி. கட்டாமல், உதிரியாகப் போடுங்கள்.

அடுத்து, உங்களைத் தவறான வழியில் கூட்டிச்சென்ற அந்த முக்கோணம். மூன்று அம்புகள் ஒன்றை ஒன்று துரத்தும் சின்னத்தை 1970-இல், அமெரிக்க அட்டைப்பெட்டி நிறுவனம் ஒன்று நடத்திய போட்டிக்காக, கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் வரைந்தார். அது காகிதத்துக்கான சின்னம். 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் அதே சாயலில் ஒரு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு, நடுவே 1 முதல் 7 வரை எண்களைப் போட்டது. அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக்கால் அந்தப் பொருள் ஆனது என்பதை மட்டுமே சொல்கிறது: 1 என்றால் குடிநீர்ப் பாட்டில் செய்யும் பெட், 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், 3 என்றால் பிவிசி, 5 என்றால் பாலிப்ரோப்பிலீன், 6 என்றால் பாலிஸ்டைரீன், 7 என்றால் மற்றவை அனைத்தும். உங்கள் ஊரில் இதை எடுத்துக்கொள்வார்கள் என்ற உறுதி அதில் எங்குமே இல்லை. இந்தக் குழப்பம் அளவுகடந்து போனதால்தான், குறியீட்டைப் பராமரிக்கும் அமைப்பு 2013-இல் அம்புகளை நீக்கிவிட்டு வெறும் முக்கோணமாக்கியது; ஆனாலும் பழைய அச்சுகளிலிருந்து வரும் டப்பாக்களில் அம்புகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. முக்கோணம் என்பது பொருளின் சாதிச் சான்றிதழ் போன்றது என்று என் மூத்த அதிகாரி ஒருவர் கசப்போடு சொல்வார்: பிறப்பைச் சொல்லும், போய்ச்சேரும் இடத்தைச் சொல்லாது.

பொதுவாக 1, 2 எண்ணுள்ள பாட்டில்களுக்கு வாங்குவோர் எளிதில் கிடைக்கிறார்கள். 5-ஐச் சில ஊர்கள் எடுக்கின்றன. 3, 6, 7 பெரும்பாலான ஊர்களில், மறுசுழற்சிக்கு ஆகாத மிச்சக் குப்பைக்கே போகின்றன. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவுசெய்யவும் முடியாது. ஒரே பெட் வகையில் ஆன பாட்டிலை எடுத்துக்கொண்டு தட்டை மறுப்பார்கள்; இரண்டும் உருகும் விதம் வேறு. கறுப்பு நிறத் தட்டு என்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, திரும்பி வரும் அண்மை அகச்சிவப்பு ஒளியை வைத்துப் பிளாஸ்டிக்கின் வகையை அறியும் கருவிக்கு, கரித்தூள் கலந்த கறுப்பு நிறம் ஒளியை முழுவதும் விழுங்கிவிடுவதால், அங்கே ஒரு பொருள் இருப்பதே தெரியாது. பட்டையின் முனை வரை போய்க் குப்பையில் விழுந்துவிடும். உங்கள் சிவப்புச் சீட்டில் "தட்டு" என்ற கட்டம் குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

"ஒன்றிரண்டு தவறிப் போனால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு நான் பிவிசியைத்தான் காட்டுவேன். பெட் பாட்டிலை உருக்க ஏறக்குறைய 250 முதல் 260 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் பிவிசி உருகி நிற்பதில்லை. கருகி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிட்டுச் சுற்றியுள்ள பெட் பிளாஸ்டிக்கையும் கெடுத்துவிடுகிறது. மிகச் சிறிய அளவு கலந்தாலும் முழுத் தொகுதியின் நிறமும் வலுவும் போய்விடும். இதற்கு நேர்மாறான ஒரு நல்ல செய்தியும் உண்டு. முன்பெல்லாம் பாட்டிலின் மூடியைக் கழற்றிப் போடச் சொன்னார்கள். இப்போது பல ஊர்களில் மூடியைத் திருகியே போடச் சொல்கிறார்கள். தனியாகப் போட்ட மூடி சிறியது என்பதால் சல்லடையில் விழுந்து வீணாகிறது. ஏறக்குறைய 5 செ.மீ.க்குக் குறைந்த எதற்கும் இந்தக் கதிதான். மூடியோடு வந்தால், பாட்டிலைத் துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் போடும்போது பெட் மூழ்கும், மூடியின் பாலிப்ரோப்பிலீனோ பாலிஎத்திலீனோ மிதக்கும். இரண்டும் தாமாகவே பிரிந்துவிடும்.

விதிகள் சில ஆண்டுகளாக இறுகிவிட்டதற்கு உலகச் சந்தையும் ஒரு காரணம். பல நாடுகள் நெடுங்காலம் தங்கள் கலப்படக் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் சீனாவுக்குக் கப்பலேற்றி வந்தன. 2018 ஜனவரி முதல் 24 வகைக் கழிவுகளின் இறக்குமதிக்குச் சீனா தடை விதித்தது. அதே ஆண்டு மார்ச் முதல், அனுமதித்த வகைகள் பலவற்றிலும் கலப்படம் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. அதுவரை எதையும் வாங்கிக்கொண்டிருந்த ஊர்கள் ஒரே ஆண்டில் பட்டியலைச் சுருக்கின. எனவே அதற்கு முன் கற்றுக்கொண்ட விதி, நாம் அதே ஊரில் இருந்தாலும்கூட, இன்று செல்லாமல் போயிருக்கலாம்.

கழுவும் கேள்விக்கு வருகிறேன். கழுவ வேண்டும், ஆனால் பாத்திரம் தேய்ப்பது போல அல்ல. பாத்திரம் கழுவி முடித்த தண்ணீரில் ஒரு முறை அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும். உள்ளே எதுவும் வழியக்கூடாது, நாற்றம் எடுக்கக்கூடாது, தொட்டால் ஒட்டக்கூடாது என்பதே அளவு. தூய்மையைவிட உலர்ச்சி முக்கியம் என்பது என் கருத்து, ஏனென்றால் ஒரு பாட்டிலின் அடியில் தங்கிய திரவம் அந்தப் பாட்டிலைக் கெடுப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் காகிதத்தைத்தான் கெடுக்கிறது. காகித நார் ஒவ்வொரு சுழற்சியிலும் குட்டையாகிக்கொண்டே போவதால், ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. எண்ணெய் ஊறியதும் நனைந்து பூஞ்சை பிடித்ததும் அந்த வாய்ப்பை முதல் முறையிலேயே இழந்துவிடுகின்றன. மழைக்கு மூடாமல் விட்ட காகிதச் சிப்பங்கள் ஒரு வண்டி நிறையத் திரும்பி வந்ததை ஒரு முறை பார்த்தேன். பல நூறு வீடுகளின் உழைப்பு, தார்ப்பாய் ஒன்று இல்லாததால் குப்பைக் கிடங்குக்குப் போனது. அது வீட்டுக்காரர்களின் பிழை அல்ல, எங்கள் பிழை. எண்ணெய் ஊறிய அட்டையை மக்கும் குப்பையில் எடுத்துக்கொள்ளும் ஊர்களும் உண்டு, எடுக்காத ஊர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பணம் செலுத்தும் இயந்திரம் தரும் வழவழப்பான ரசீதுச் சீட்டு பெரும்பாலும் வேதிப்பூச்சு உள்ளது. அதைக் காகிதத்தோடு சேர்க்காதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், மக்கும் குப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. என்னை ஒரே ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், ஈரத்தையும் உலர்ந்ததையும் தனித்தனியே வை என்பதைத்தான் வைத்துக்கொள்வேன். சமையலறைக் கழிவு கிடங்கில் புதைந்து காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வெளிவருகிறது. நூறு ஆண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால், அது அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. தென்கொரியா 2005-லேயே உணவுக் கழிவை நேராகப் புதைப்பதைத் தடைசெய்துவிட்டது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு விதிகள் வீட்டுக் குப்பையை மக்கும், மக்காத, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. 2026-இன் புதிய விதிகள் அதை நான்காக்கி, டயபர், நாப்கின் போன்றவற்றுக்குத் தனி இடம் கொடுத்துள்ளன. "மக்கும் தன்மை கொண்டது" என்று அச்சிட்ட பைகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அவற்றில் பல, சூட்டையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தும் பெரிய உரக்கூடத்தில்தான் மக்கும். உங்கள் வீட்டு உரத்தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பணியாளரின் கண்ணுக்கு அது சாதாரணப் பையாகவே தெரியும் என்பதால், ஊர் அனுமதித்தால் ஒழிய அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இனி உங்கள் மாமனார். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். ஆனால் வெளியிலிருந்து ஒன்றாகத் தெரியும் வண்டியின் உள்ளே தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறைகளாகப் பிரித்திருப்பது பல ஊர்களில் வழக்கம். பின்புறம் ஏற்றும் இடத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் இரண்டு வாய்கள் தெரியும். வேறு சில ஊர்களில் ஒரே வண்டி காலையில் ஒரு வகையும் பிற்பகலில் ஒரு வகையும் எடுக்கிறது. இவை எதுவும் இல்லாமல், பிரித்ததை உண்மையிலேயே ஒன்றாகக் கொட்டும் ஊர்களும் இருக்கின்றன. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எனவே மாமனாரையும் அழைத்துக்கொண்டு வண்டி வரும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். ஒரே அறையில் கொட்டினால், தேதியையும் நேரத்தையும் குறித்து உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, "எங்கள் தெருவின் உலர் கழிவு எந்தக் கூடத்துக்குப் போகிறது?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல முடிகிற அலுவலகம் உடனே சொல்லும். தொட்டியில் சிவப்புச் சீட்டு ஒட்டும் ஊர், பிரிப்பதைப் பொருட்படுத்துகிற ஊராகத்தான் பெரும்பாலும் இருக்கும் என்பதையும் மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டப்போகிறவர் சீட்டு அச்சடிக்கும் செலவை ஏன் செய்யப்போகிறார்?

இந்த எதிர்ப்பும் புதிதல்ல. 1883-இன் இறுதியில் பாரிஸ் நகரை நிர்வகித்த யூஜின் புபெல் என்ற அதிகாரி, ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூடியுள்ள தொட்டி வைக்க வேண்டும், அழுகுபவை ஒன்றில், காகிதமும் துணியும் ஒன்றில், கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகள் ஒன்றில் என்று பிரிக்க வேண்டும் என ஆணையிட்டார். வீட்டு உரிமையாளர்கள் செலவைச் சொல்லி முணுமுணுத்தார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் வயிற்றில் அடிக்கிறாரே என்று கொதித்தார்கள். பிரிக்கும் பகுதி நிலைக்கவில்லை. தொட்டி நிலைத்தது, பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான். மறுகோடியில் ஜப்பானின் கமிகட்சு என்ற சிற்றூர், 2003-இல் கழிவே இல்லா ஊராவோம் என்று அறிவித்து, இப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறது. அங்கே வீட்டுக்கு வண்டி வருவதில்லை, மக்களே நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உங்கள் ஊர் கேட்பது மூன்றோ நான்கோதான்.

கடைசியாக, சீட்டில் எழுதாவிட்டாலும் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது பேட்டரி. லித்தியம் பேட்டரி மறுசுழற்சித் தொட்டிக்கும் ஆகாது, மிச்சக் குப்பைக்கும் ஆகாது. அமுக்கும் வண்டியில் அது நசுங்கினால் உள்ளுக்குள் குறுக்குத் தொடர்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டுத் தானே சூடாகித் தீப்பிடிக்கும்; சுற்றிலும் காய்ந்த அட்டையும் காகிதமும். ஒரு நாள் எங்கள் கூடத்தின் குவியலுக்குள்ளிருந்து முதலில் இனிப்பான ஒரு நாற்றம் வந்தது, பிறகு வெள்ளைப் புகை, அதன்பின் நாங்கள் எல்லோரும் வெளியே ஓடினோம். அணைத்த பிறகு கிடைத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொம்மையின் மிச்சம். பேட்டரி பிரிக்க முடியாதபடி உள்ளே பதித்த பொம்மை, பல் துலக்கும் கருவி, காதொலிக் கருவி எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. உள்ளாட்சி அமைப்பின் இந்த ஆண்டுத் துண்டறிக்கையை வாங்கி, அதில் ஏற்கும் பொருட்களின் பட்டியலை மட்டும் வெட்டித் தொட்டியின் மூடிக்கு உள்புறம் ஒட்டிவிடுங்கள். பட்டியலில் இல்லாத ஒன்று கையில் வந்து நின்றால், விசாரித்துத் தெரிந்துகொள்ளும் வரை அது மிச்சக் குப்பைக்கே போகட்டும். மனம் உறுத்தும்தான், ஆனால் ஆசைப்பட்டுப் போட்ட ஒரு பொருள் சரியான பத்துப் பொருட்களையும் சேர்த்துக் கெடுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய பேட்டரிகளின் முனைகளில் ஒட்டுநாடாவை ஒட்டி, காற்றோட்டமான இடத்தில் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். வீங்கிப்போனது ஏதும் இருந்தால் அதை மட்டும் சேர்த்து வைக்காமல், எங்கே ஒப்படைப்பது என்று இன்றே அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.